உன் புரட்டாதி வைன்

மச்சான்,

இன்று காலை பழ வியாபாரி எங்கள் பந்தலிலிருந்து ஒரு திராட்சைக் குலையைக் கிள்ளி என் கையில் வைத்தார். "பாரும் தம்பி, காகக் கறுப்பு" என்றார். ஒரு பழத்தை வாயில் போட்டேன். தோல்தான் கறுப்பு. உள்ளே பச்சைப் புளி. பல் கூசி, கூச்சம் காதுமடல் வரைக்கும் ஏறியது. அந்தப் புளிப்போடு நீயும் வந்துவிட்டாய். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "துப்படா அதை. உது நிறம், பழமில்லை" என்று நீ கத்துவது கேட்டது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுகை வரவேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு வருவது எரிச்சல். செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுவது விசர் வேலை என்று தெரியும். ஆனால் இந்த விஷயத்தை வேறு யாரோடு கதைத்தாலும் முதலிலிருந்து விளங்கப்படுத்த வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமையில்லை.

விஷயம் இதுதான். நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடியேறி ஒரு கிழமையாகிவிட்டது. வியாபாரி முழுப் பந்தலையும் கேட்கிறார். நாளை விடிய ஆட்களோடு வருவார். கொடுத்தால் இந்த வருடம் வைன் இல்லை. கொடுக்காமல், உன் சொல்லைக் கேட்டுப் புரட்டாதி வரைக்கும் பழத்தைக் கொடியில் விட்டு, போன வருடம்போல மழை வந்து எல்லாம் வெடித்தால், கொடிகளே இல்லை. அப்பா சொல்லிவிட்டார்: "இந்த முறையும் கைவிட்டுதெண்டால் கிழட்டுக் கொடியெல்லாத்தையும் அடியோடை கிளப்பிப்போட்டுப் புது இனம் வைக்கப்போறன். உன்ரை சிநேகிதன்ரை கதை இனி இஞ்சை எடுபடாது."

நீ இருந்திருந்தால் சிரித்துக்கொண்டு, "அங்கிள் சும்மா சொல்லுறார்" என்றிருப்பாய். அவர் சும்மா சொல்லவில்லை. மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைத்திருக்கிறார்.

நாம் இருவரும் நல்லூரில் ரியூசன் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான் உரும்பிராயிலிருந்து சைக்கிளில் வருவேன். நீ குருநகரிலிருந்து வரவேண்டும், பாதி நாள் வரமாட்டாய். உனக்குக் கணிதம் ஏறாது என்று வாத்தியார் சொன்னார். அது பொய். உனக்கு ஏறாதது ஓரிடத்தில் இருப்பது. நான் பல்கலைக்கழகம் போய் உணவுத் தொழினுட்பம் படித்து, இப்போது ஒரு பழரசத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். நீ இத்தாலிக்குப் போனாய். பலெர்மோவில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினாய். பிறகு பட்டணத்துக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தில், நம் பேச்சில் முந்திரிகைத் தோட்டத்தில், பழம் வெட்டப் போய், அங்கேயே ஒட்டிக்கொண்டாய். அம்மா தனிய என்று திரும்பி வந்து, குருநகரில் படகு எஞ்சின் திருத்தத் தொடங்கினாய்.

வந்த கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான் தேத்தண்ணீர் போட உள்ளே போய்த் திரும்பிவர, நீ பந்தலுக்குக் கீழே முந்திரிகைக் கொடியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். கொடி என்று சொல்வது மரியாதைக்குத்தான். அது உன் முழங்கால் பருமன்.

"மச்சான், உதுக்கு என்ன வயசு?"

"அப்பா கலியாணம் கட்ட முந்தி வைச்சவர்."

"உதை வைச்சுக்கொண்டு நீங்கள் என்ன செய்யிறியள்?"

"பழம் விக்கிறம்."

"எப்ப?"

"நல்லூருக்கு."

தலையில் அடித்துக்கொண்டாய். தேத்தண்ணீரையும் குடிக்கவில்லை.

அந்தக் கொடிகளை அப்பா அன்பினால் காப்பாற்றினார் என்று நீ பிறகு எல்லாருக்கும் சொல்லித் திரிந்தாய். அதுவும் பொய். போரில் சனம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன காலத்தில் பந்தல் விழுந்து, தண்ணீரில்லாமல் கொடிகள் கருகின. திரும்பி வந்தபோது அடியில் துளிர் நின்றது. கிளப்ப ஆளில்லை, அதனால் விட்டார். அவ்வளவுதான். இளங்கொடி காய்ப்பதில் பாதிதான் இவை காய்க்கின்றன. ஊரில் மற்றவர்கள் வருடத்துக்கு இரண்டு தரம் கத்தரித்து இரண்டு விளைச்சல் எடுப்பார்கள். கிழட்டுக் கொடி தாங்காது என்று அப்பா ஒரே ஒரு தரம், சித்திரை வருடப்பிறப்புக் கழியக் கத்தரிப்பார். அந்த ஒன்று நல்லூருக்கு. திருவிழாக் காலத்தில் வீட்டுக்கு வீடு அருச்சனைத் தட்டுக்குப் பழம் வேண்டும், அப்போதுதான் விலை நிற்கும்.

எங்கள் இனம் ஒரு மோசக்காரி. முதலில் நிறம் வரும். இனிப்பு அதற்குப் பிறகு, ஆடி அசைந்து வரும். தட்டில் வைக்க நிறம் போதும். சுவாமி புளிக்குதென்று சொல்லப்போவதில்லை. ஆனால் வைனுக்கு நிறம் போதாது. பழத்தில் எவ்வளவு சீனியோ அவ்வளவுதான் மதுவாக மாறும். அரைப் பழத்தைப் பிழிந்தால் சிவப்புத் தண்ணீரும் புளியும்தான் மிஞ்சும். இதை எனக்கு நீ சொல்லித்தரத் தேவையில்லை. என்றாலும் நாள் முழுக்கச் சொன்னாய்.

உங்கள் கிறிஸ்தவ வீடுகளில் யேசு பிறந்த நத்தாருக்குப் போடுகிற வைனையும் எனக்குத் தெரியும். முந்திரிகை ஒரு பங்கு, சீனி ஒரு பங்கு, கறுவா, கராம்பு. "அது வைனில்லையடா, தடிமன் காய்ச்சலுக்குக் குடிக்கிற பாணி" என்றேன்.

"அதை என்ரை அம்மாவுக்கு முன்னாலை சொல்லு பாப்பம்."

"நீ சொல்லு. உன்ரை அம்மாதானே."

"எனக்குச் சாகப் பயமடா."

உங்கள் கோயிலில் சுவாமியார் திராட்சை இரசம் என்பார், உன் அம்மா வைன் என்பார், நீ இத்தாலிக்காரன்போல வீனோ என்பாய். நீ கேட்டது ஒன்றுதான்: ஒரு கரண்டி சீனி சேர்க்காமல், அந்தக் கிழட்டுக் கொடி தருகிற இனிப்பில் மட்டும் ஒரு சிவப்பு வைன். "அங்கை கிழட்டுக் கொடிக்குத்தான் மரியாதை. காய்க்கிறது கொஞ்சம். ஆனா குலைக்குள்ளை சாமான் இருக்கும்."

"அது வயசாலை வாறதில்லை. விளைச்சல் குறையிறதாலை வாறது. இளங்கொடியிலையும் பாதிக் குலையை வெட்டி எறிஞ்சால் உதேதான் வரும்."

"வேர்? கிழட்டு வேர் எவ்வளவு ஆழம் போகும் தெரியுமோ?"

"இஞ்சை நாலடிக்குக் கீழை கல்லடா."

"கல்லு வெடிப்புக்குள்ளைதான்ரா போகுது!"

இந்தச் சண்டையை நாம் எத்தனை தரம் பிடித்தோம் என்று தெரியாது. அப்பா ஒரு நாள் கிணற்றடியிலிருந்து, "வேர் உங்களைக் கேட்டுத்தான் போகப்போகுதோ?" என்றார்.

போன வருடம் நீ அப்பாவைச் சம்மதிக்க வைத்தாய். எப்படி என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவர் என் சொல்லைக் கேட்டதில்லை. நீ அவருடைய பழைய தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தாய், அது முந்திய மாதிரிச் சத்தம் போடாமல் ஓடியது, அதற்குப் பிறகு நீ சொன்னதெல்லாம் நியாயமாகப் பட்டது. பாதிப் பந்தல் வியாபாரிக்கு, பாதி உனக்கு என்று பேச்சு.

சித்திரையில் கத்தரித்தோம். வெட்டு வாயில் கண்ணீர்போல நீர் சொட்டியது. நீ விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாய். நான் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். இலை முழுக்க உருவிவிட்டோம். கொதிக்கிற வெயிலில் மொட்டை விறகாக நின்ற கொடி ஒரே கிழமைக்குள் எல்லாக் கண்ணிலும் வெடித்தது. வைகாசியில் பூ. கடுகளவு, பார்க்கக்கூடக் காணாது. அதோடு சோழகக் காற்றுப் பிடித்தது. நான் பூஞ்சணத்துக்கு மருந்து அடிக்கக் கலந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காற்று இரவு பகலாக அடித்து இலையை ஈரமில்லாமல் வைத்திருந்ததால் பாதி மருந்து மிஞ்சியது. "பாத்தியோ, மருந்துக்காரன் காத்துத்தான்" என்று நீ சொன்னாய். காற்று என்ன செய்தது என்று எனக்கும் தெரியும். அதை எனக்குச் செய்தியாகச் சொல்ல வேண்டாம் என்றுதான் கோபம்.

காய் பட்டாணியளவு வந்தபோது குலைகளை வெட்டி எறியத் தொடங்கினோம். கொப்புக்கு ஒன்றுதான் விடுவது. அப்பா வந்து நிலத்தைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார்.

"காய்ச்ச குலையை வெட்டி எறியிறவங்களை இண்டைக்குத்தான்ரா காணுறன். உங்களைப் பெத்ததுகளும் இப்பிடி நினைச்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும்."

நீ சிரித்துச் சிரித்து ஏணியிலிருந்து விழப் பார்த்தாய்.

அடுத்தது தண்ணீர். நிறம் வரத் தொடங்கியதும் இறைப்பைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழம் ஊதும், இனிப்பு நீர்த்துப்போகும். இதில் மட்டும் நாம் இருவரும் ஒரே கட்சி. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. விடியற்காலையில் நாம் இல்லாத நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டு இறைத்துவிடுவார். நீ என்ன செய்தாய்? மோட்டாரின் உயிர்போல இருக்கிற ஒரு சின்னச் சாமானைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குருநகருக்குப் போய்விட்டாய். அடுத்த நாள் அப்பா கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்தார். ஒவ்வொரு வாளிக்கும் உன் பெயர் சொன்னார். திட்டு என்னவோ எனக்குத்தான் விழுந்தது. பின்னேரம் நீ ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்து, "மோட்டர் பழுதாய்ப் போச்சோ அங்கிள்? நான் பாக்கிறன்" என்று நின்றாய். அந்த மனிதர் உனக்குத் தேத்தண்ணீர் போடச் சொன்னார்.

பிறகு வலை.

ஆடிக் கடைசியில் பந்தல் முழுக்கக் கறுத்துவிட்டது. மைனாவும் கிளியும் அணிலும் நம்மைவிடக் கெட்டிக்காரர். புளித்தாலும் கொத்திப் பார்த்துவிட்டுப் போகும். நான் பறவை வலை வாங்குவதற்குக் கொழும்பில் விசாரித்துக்கொண்டிருந்தேன். நல்லூரில் கொடியேறி இரண்டாம் நாள், நீ மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு மலைபோலக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். கேட்காமல் பேசாமல் ஏறி விரித்தும்விட்டாய். அப்பா முற்றத்துக்கு வந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"உதென்ன மணம்?"

"வலை அங்கிள்."

"என்ன வலை?"

"சூடை மீன் வலை. கண் சின்னன். மைனாவின்ரை தலையும் போகாது."

"டேய், கொடியேறி நிக்குது! வீடு வாசல் கழுவி, சட்டிபானை மாத்தி, மீன் மச்சம் தொடாமல் இருக்கிறம். நீ சூடையைக் கொண்டுவந்து என்ரை பந்தலுக்கு மேலை விரிக்கிறாய்!"

"சூடை இல்லை அங்கிள். வலை மட்டும்தான்."

அப்பாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிக் கண்டதில்லை. அந்த நேரம் பார்த்து வியாபாரியும் வந்து சேர்ந்தார். படலை வாசலில் நின்றே மணந்து பார்த்தார். "அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. இந்தப் பழத்தைக் கோயிலடியிலை நான் விக்கேலாது. ஆரும் அறிஞ்சால் எனக்கு அங்கை நிக்க இடமிருக்காது." வந்த சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வலையைக் கழற்றிப் பழத்தைக் கழுவித் தருகிறோம் என்று நான் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

அவ்வளவுதான். பாதிப் பந்தலில்லை, முழுப் பந்தலும் உனக்கு வந்துவிட்டது. கோயிலுக்குப் போக முடியாத பழம் கொடியிலேயே நின்றது.

நீ தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? எத்தனை தரம் கேட்டேன். "நான் வேதக்காரன். எனக்கென்னடா தெரியும்?" என்று கண்ணைச் சிமிட்டினாய். நல்லூர் வீதியில் ரியூசன் படித்தவன் நீ. திருவிழாக் காலத்தில் உன் சாப்பாட்டுப் பெட்டியில் மீன் துண்டு இருந்தால் வாங்கின் கீழே ஒளித்து வைத்துத் தின்றவன். உனக்குத் தெரியாதென்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் உன் வேலைகளைப் பார்த்தால், யோசிக்காமல் செய்தாய் என்றும் நம்பலாம். இப்போது கேட்க முடியாது. எனக்கு விடை தெரியாமல் இருப்பது பிடிக்காது என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது. அப்பா நம்மோடு கதைப்பதை விட்டார். நான் ஒவ்வொரு காலையும் சீனி அளக்கும் கண்ணாடிக் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்ப்பேன். நீ விதையைக் கடித்துப் பார்ப்பாய். "இன்னும் பச்சைக் கசப்பு" என்பாய். என் கருவியும் அதையேதான் சொல்லும். "வெட்டுவம், காணும்" என்று ஆவணிக் கடைசியில் நான் சொன்னேன். வானத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "புரட்டாதியிலைதான்ரா வெட்டுறது. உலகம் முழுக்கப் புரட்டாதியிலைதான் வெட்டுறாங்கள்" என்றாய். உன் உலகம் பலெர்மோ.

புரட்டாதி நடுவில் ஒரு பின்னேரம் தெற்கே இடித்தது. பந்தலுக்கு மேல் தறப்பாளை இழுத்துக் கட்டுவதற்குள் கொட்டியது. அடுத்த நாள் வெயில். முற்றின பழம் தண்ணீரைக் குடித்துத் தோல் தாங்காமல் வெடித்தது. பந்தலுக்குக் கீழே நின்றால் இனிப்பு மணமும் குளவிச் சத்தமும். நீயும் நானும் வெடித்தது வேறு, வெடிக்காதது வேறு என்று ஒவ்வொரு குலையாகக் கிள்ளினோம். பாதிக்கு மேல் மாட்டுக்குப் போனது. அப்பா கதிரையைப் போட்டிருந்து பார்த்தார். மாட்டுக்குப் போன ஒவ்வொரு கூடையையும் விரல்விட்டு எண்ணினார்.

மிச்சத்தை நசித்துப் பீப்பாவில் போட்டோம். அதிலும் சண்டை. மதுவம், பழச்சாற்றை நொதிக்க வைக்கிற ஈஸ்ட், நான் கொண்டுவந்தேன். "பழத்திலையே இருக்கு, எதுக்கடா பக்கற்?" என்றாய். "பழத்திலை வினாகிரிக்காரனும் இருக்கிறான்" என்றேன். அந்தச் சண்டையில் நான் வென்றேன், எழுதி வைத்துக்கொள். மூன்றாம் நாள் பீப்பா காய்ச்சல்காரன்போலச் சுட்டது. சூடு ஏறினால் மதுவம் செத்துப்போகும், மணம் அவிந்துபோகும். எங்களிடம் குளிரூட்டி இல்லை. நீ குருநகர் ஐஸ் பக்ரரியிலிருந்து உடைத்த பாளங்களைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பீப்பாவைச் சுற்றி அடுக்கினாய். மீனுக்குப் போகிற ஐஸ். தினம் இரண்டு தரம். ஒரு தரமும் பிந்தவில்லை. ரியூசனுக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வராதவன்.

வடித்துக் கண்ணாடிச் சாடிகளில் ஊற்றிக் களஞ்சிய அறையில் வைத்தோம். "நத்தாருக்குத் திறப்பமோ?" என்று நீ கேட்டாய். "தை வரைக்கும் தொடாதை" என்றேன். "ஓம் ஐயா" என்று கும்பிட்டாய்.

மார்கழி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது.

இதை நான் எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்டேன். "ஒண்டுமில்லை மச்சான், நனைஞ்ச காய்ச்சல். பனடோல் போட்டனான்." இரத்தம் சோதித்துப் பார் என்றேன். ஊரெல்லாம் டெங்கு என்றேன். "ஓமடா, நாளைக்கு" என்றாய். அடுத்த நாள் நீயே எடுத்து, "பாத்தியோ, காய்ச்சல் விட்டிட்டுது. எஞ்சின் ஒண்டு திருத்தக் கிடக்குது, பிறகு கதைக்கிறன்" என்றாய். நான் கத்தினேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று கத்தினேன். நீ வைத்துவிட்டாய். என் வேலைத்தலத்திலிருந்து நேரே குருநகருக்கு வந்தேன். கரையில் படகுக்குள் குனிந்து நின்று எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தாய். உதடு வெளுத்துக் கிடந்தது. இழுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். பிந்திவிட்டது.

நிறம் வந்ததெல்லாம் பழமில்லை என்று வருடம் முழுக்க என் காதில் ஓதினவன் நீ. காய்ச்சல் விட்டதெல்லாம் சுகமில்லை என்று நான் ஒரே ஒரு தரம் சொன்னேன். பழத்தின் இரத்தத்தைத் தினம் சோதிக்க விட்டாய், உன் இரத்தத்தை விடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உன் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா என்னிடம், "அவன்ரை வைனைக் கொண்டா மோனை. நல்லதோ கூடாதோ, குடிச்சுப் பாக்கவேணும்" என்றார். தை பிறந்திருந்தது. ஒரு போத்தலில் ஊற்றிக் கொண்டுபோனேன். தேத்தண்ணீர்க் கிளாசில் ஊற்றி, அன்ரி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுழித்தார்.

"சீனி போடேல்லையே?"

"இல்லை அன்ரி."

"ஒரு கராம்பு?"

"இல்லை."

"தெரியுது. உவன் ஆர் சொல்லுறதைக் கேட்டவன்?" என்றுவிட்டு மிச்சத்தையும் குடித்தார். பிறகு கிளாசை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

நான் சொல்கிறேன், கேள். நல்ல வைன் இல்லை. நிறம் நன்று, ஊதாச் சிவப்பு, தெளிவு. மணம் பரவாயில்லை. வாயில் வைத்தால் முன்னுக்குப் புளி கூட, நடுவில் மெலிவு. மழைத் தண்ணீர் செய்த வேலை அது. ஆனால் விழுங்கிய பிறகு நாவல்பழக் கொட்டையைச் சூப்பினதுபோல ஒரு துவர்ப்பு நின்றது. போகவேயில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதும் நின்றது. அதை இளங்கொடிப் பழத்தில் நான் கண்டதில்லை. கொடியின் வயசோ, குறைந்த விளைச்சலோ, கல்லு வெடிப்போ, எதுவென்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல பழம், பிழையான நேரத்தில் வெட்டினது. என் அறிக்கை அதுதான்.

பிழையான நேரம். இந்தச் சொல்லை எழுதிவிட்டு எழும்பி வெளியே போனேன். பக்கத்து வளவுப் பந்தல் பழமில்லாமல் நிற்கிறது. அவர்கள் வைகாசியிலேயே பழம் வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் வெட்டுகிறார்கள். நம் கண் முன்னால்.

மச்சான், நாம் இரண்டு பேரும் மோடர், முழு முட்டாள்கள்.

அப்பாவுக்கு நல்லூர்க் கலண்டர். உனக்குப் பலெர்மோக் கலண்டர். அங்கே ஏன் புரட்டாதி? அங்கே மார்கழியில் குளிர், கொடி தூங்கும், வசந்தத்தில் எழும்பும், அதனால் புரட்டாதியில் பழுக்கும். இங்கே கொடி தூங்குவதேயில்லை. கத்தி வைக்கிற நாள்தான் அதற்கு வசந்தம். தையில் மழை ஓய்ந்ததும் கத்தரித்தால் வைகாசியில் பழுக்கும். வானம் வறண்டிருக்கும். சித்திரையில் ஒரு மழை பெய்தாலும் காய் பச்சையாக, தோல் தடிப்பாக இருக்கும், வெடிக்காது. வெயில் கூட, அதனால் புளி இறங்கும். எங்கள் இனத்துக்கு இறங்க வேண்டியதும் அதுதான். ஒரு தரம் மட்டும் கத்தரிக்கிற கொடிக்கு அந்த ஒரு தரம் நல்லூர் என்று யார் எழுதி வைத்தது? அப்பா கேட்கவில்லை, பழக்கம். நீயும் கேட்கவில்லை, இத்தாலியில் கண்டதே வேதம். வலையும் தறப்பாளும் ஐஸும் கொண்டு ஒரு வருடம் முழுக்க வானத்தோடு சண்டை பிடித்தோம். நாளை மாற்றியிருந்தால் சண்டையே இல்லை.

இதை உடனே உனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. அதுதான் இந்தக் கடிதம்.

நேற்று இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு அப்பாவிடம் போனேன். "முழுப் பந்தலையும் குடுங்கோ" என்றேன். அவர் நம்பவில்லை.

"முழுக்கவோ?"

"முழுக்க. ஆனா கொடியைக் கிளப்பக் கூடாது. தை பிறக்க நான் கத்தரிக்கிறன். வைகாசியிலை வெட்டுறன்."

"வைகாசியிலை ஊர் முழுக்கப் பழம். ஆரடா வாங்குவான்?"

"விக்கிறதுக்கில்லை."

பாக்கை வெட்டி வாயில் போட்டார். "உது அவன்ரை யோசினையோ?"

"இல்லை அப்பா. என்ரை. அவன் உதுக்கு ஒத்துக்கொள்ளான்."

"அப்ப ஒரு வருசம் பாப்பம்" என்றார். உன் யோசனையில்லை என்பதால் சம்மதித்தாரா, உன்னை எதிர்த்து நான் ஒன்று சொன்னதால் சம்மதித்தாரா, தெரியாது. மண்வெட்டியை உள்ளே வைக்கச் சொன்னார்.

இன்று விடிய வியாபாரியின் ஆட்கள் வந்து எல்லாக் குலையையும் வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீயென்றால் வாகனத்துக்கு முன்னால் படுத்திருப்பாய். "அரைப் பழத்துக்குக் கொடியின்ரை வருசத்தையே வித்திட்டியேடா" என்று கத்தியிருப்பாய். கத்து. பழத்தைக் கொடுத்துக் கொடியை வைத்திருக்கிறேன். உன் ஒரு வைனுக்காகக் கொடியைப் பணயம் வைக்க நான் ஆயத்தமில்லை. அந்த மாதிரி விளையாட்டெல்லாம் உன்னோடு முடிந்தது.

அன்ரிக்குச் சொல்லியிருக்கிறேன், தையில் வந்து முதல் கொப்பை வெட்டித் தரவேண்டும் என்று. "எனக்கென்ன மோனை தெரியும் உங்கடை கொடியைப் பற்றி?" என்றார். ஒன்றும் தெரிய வேண்டாம், கத்தியைப் பிடித்தால் போதும் என்றேன். வருவதாகச் சொன்னார்.

எனக்கு உன்னிடமிருந்து மிஞ்சியது இந்த வாதம்தான். நான் சரி என்று நன்றாகத் தெரிந்த ஒரு வாதம், எதிரே ஆளில்லாமல். பாதையில் போகும்போதும் வேலையில் நிற்கும்போதும் அது எனக்குள் ஓடுகிறது. "பலெர்மோவிலை ஆரடா வைகாசியிலை வெட்டுறான்?" என்று நீ கேட்கிறாய், நான் பதில் சொல்கிறேன், நீ வேறொன்று கேட்கிறாய், அதற்கும் சொல்கிறேன். நீ கேட்பாய் என்று நினைத்து ஒவ்வொரு பிழையையும் நானே தேடித் திருத்தி வைத்திருக்கிறேன். உன் பங்குச் சண்டையையும் நானே பிடிக்க வேண்டியிருக்கிறது. களைப்பாக இருக்கிறது.

தை பிறக்கட்டும். வெட்டுகிறேன். பிழையென்றால் வந்து சொல்லு.